9 ஜி-யில் உடலுக்கு என்ன ஆகிறது? மாரத்தான் ஓடுபவர் தாங்குவாரா?

கேள்வி, 9 அக்டோபர் 2024

ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு பார்த்தோம். ரஃபேல் செங்குத்தாக ஏறியபோதும், தேஜஸ் ஒரே இடத்தில் நின்று திரும்பியது போலச் சுழன்றபோதும், என் மைத்துனர் ஒரு கருத்தைச் சொன்னார். அவர் ஆண்டுதோறும் மாரத்தான் ஓடுபவர். "உடம்பு திடமாக இருந்தால் எந்த ஜி-யையும் தாங்கலாம், மயங்குகிறவர் பயந்தவர் அல்லது பயிற்சி இல்லாதவர்" என்பது அவர் வாதம். இது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

9 அக்டோபர் 2024, இரவு

சரியில்லை. நான் விமானி அல்லன். விமானப்படையில் பாதுகாப்புக் கருவிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். விமானிகளின் ஜி சூட் (காற்று நிரம்பிக் கால்களையும் வயிற்றையும் இறுக்கும் உடை), தலைக்கவசம், ஆக்சிஜன் முகமூடி, பாராசூட் ஆகியவற்றைச் சோதித்துக் கொடுப்பதே என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இதில் துணிவுக்கு வேலை குறைவு, கணக்குக்கு வேலை அதிகம். ஜி என்பது உடல் எத்தனை மடங்கு கனக்கிறது என்பதன் அளவு: தரையில் சும்மா இருக்கும்போது 1 ஜி, 4 ஜி-யில் இரத்தம் உட்பட எல்லாம் நான்கு மடங்கு கனக்கும்.

இதயத்திலிருந்து கண் மட்டம் வரை உட்கார்ந்த நிலையில் ஏறத்தாழ ஓரடி, அதாவது 30 செ.மீ. உயரம் இருக்கிறது. அந்த ஓரடிக்கு இரத்தத்தை மேலே தள்ளுவதற்கு மட்டும், நாம் தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, ஏறத்தாழ 22 மி.மீ. பாதரச அழுத்தம் செலவாகிறது. மொட்டை மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு அதேதான், மாடியும் அதே உயரம்தான், ஆனால் நீரின் எடை திடீரென்று நான்கு மடங்காகிவிட்டது என்றால் மோட்டாரின் பாடு என்னவோ அதுதான் இதயத்தின் பாடு. 2 ஜி-யில் 44 செலவாகும், 4 ஜி-யில் 88 செலவாகும். இதயத்தின் மட்டத்தில் 120 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 4 ஜி-யில் கண்ணுக்குப் போய்ச் சேர்வது 32 மட்டுமே. 5 ஜி-யில் 10. ஐந்தரையைத் தொடும்போது ஒன்றுமே மிஞ்சாது.

மாரத்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த ஓரடி மாறுவதில்லை.

10 அக்டோபர் 2024

நேற்று எழுதியது இரத்தக் குழாயை வெறும் குழாயாக எண்ணிப் போட்ட கணக்கு. உடல் அவ்வளவு எளிமையானதன்று என்பதால் இரண்டு சேர்க்கைகள் தேவைப்படுகின்றன.

முதலாவது கண். கண்ணுக்குள்ளேயே 15 மி.மீ. அளவில் ஓர் அழுத்தம் எப்போதும் இருக்கிறது. உள்ளே வரும் இரத்தம் அதை மீறித்தான் விழித்திரையை அடைய வேண்டும். ஆகவே மூளைக்கு இன்னும் சிறிது இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே கண் பட்டினி கிடக்கத் தொடங்கிவிடுகிறது. முதலில் நிறங்கள் வெளுக்கும். பிறகு ஓரப் பார்வை சுருங்கி, நடுவில் மட்டும் ஒரு வட்டம் தெரியும். அதன் பிறகு முழு இருள். இந்த முழு இருளிலும் விமானிக்கு நினைவு இருக்கும், காது கேட்கும், கையால் விசைத்தண்டைப் பிடித்திருக்க முடியும். இறுக்கிக்கொள்ளாமல் தளர்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் பார்வை மங்குவது பெரும்பாலும் 3 முதல் 4 ஜி-க்குள், இருள்வது 4 முதல் 5-க்குள், நினைவிழப்பு அதற்குச் சற்று மேலே. ஆளுக்கு ஆள் இது வேறுபடும். ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் வேறுபடும்.

இரண்டாவது நேரம். இரத்த ஓட்டம் நின்றாலும், மூளை தன்னிடம் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு 4 முதல் 6 வினாடிகள் வரை இயங்கும். கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணர்விகள் நிலைமையை அறிந்து இதயத்துடிப்பைக் கூட்டி, குழாய்களைச் சுருக்கி, அழுத்தத்தை ஓரளவு மீட்பதற்கு 10 வினாடிக்கு மேலும் ஆகலாம். இந்த இரண்டு கால அளவுகளுக்கும் இடையில்தான் ஆபத்து இருக்கிறது. பழைய விமானங்களில் ஜி மெல்ல ஏறியதால், பார்வை மங்குவது ஓர் எச்சரிக்கை மணியாக முன்னரே அடித்துவிடும். விமானி விசைத்தண்டைத் தளர்த்திக்கொள்வார். எஃப்-16 போன்ற விமானங்களில் ஒன்றிரண்டு வினாடிகளில் 9 ஜி-க்கு ஏறிவிடலாம் என்பதால், சேமிப்பில் இருந்த ஆக்சிஜன் தீரும்வரை கண் எந்தக் குறையும் சொல்லாது. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே கணத்தில் அணைந்துவிடும். இதைத்தான் விமானிகள் ஜி-லாக் என்கிறார்கள்.

நினைவிழப்பு ஏறத்தாழ 12 வினாடி. விழித்த பிறகும் எங்கே இருக்கிறோம், என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று புரியாத குழப்பம் இன்னும் ஒரு 12 வினாடி. அந்த நேரத்தில் கை கால் வெட்டி இழுப்பதும், சிறு கனவு போன்ற காட்சிகள் வருவதும் உண்டு. மயங்கியதே நினைவில் இல்லாமல் "நான் மயங்கவே இல்லை" என்று சாதிப்பவர்களும் பலர். காணொளியைப் போட்டுக் காட்டினால்தான் நம்புவார்கள்.

11 அக்டோபர் 2024

"இந்த ஜி எங்கிருந்து வருகிறது, விமானம் கீழே பாய்ந்தால்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நேராகப் பறக்கும்போது எவ்வளவு வேகத்தில் போனாலும் 1 ஜி-தான். திரும்பினால்தான் கூடும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் 2 ஜி. ஏறத்தாழ 75 பாகையில் 4 ஜி. 80 பாகையில் 5.8, 84-க்குச் சற்றுக் குறைவான சாய்வில் 9. கடைசி நான்கு பாகைகளில் எவ்வளவு கூடுகிறது என்று கவனியுங்கள். வேகத்தின் பங்கும் இருக்கிறது: மணிக்கு 540 கி.மீ. வேகத்தில் 500 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால் வளைவினால் மட்டும் 4.6 ஜி கிடைக்கும். அதே வளைவை இரு மடங்கு வேகத்தில் எடுத்தால் அது நான்கு மடங்காகும்; விமானமும் தாங்காது, ஆளும் தாங்கமாட்டார்.

பயணிகள் விமானங்களில் கவலைப்பட ஏதுமில்லை. அவற்றின் கட்டமைப்பு வரம்பே 2.5 ஜி, அன்றாடப் பறப்பில் அதன் பக்கத்திலேயே போவதில்லை.

13 அக்டோபர் 2024

மைத்துனர் விடவில்லை போலிருக்கிறது. "மாரத்தான் ஓடுபவரின் இதயம் பலமானது, அதனால் அதிகம் தள்ளும்" என்று பதில் வந்திருக்கிறது.

நீண்ட தூர ஓட்டக்காரரின் இதயம் பலமானதுதான். ஆனால் அது நிதானமாக வேலை செய்யப் பழகிய இதயம். ஓய்வில் நிமிடத்துக்கு 50 முறை, சிலருக்கு அதற்கும் குறைவாகத் துடிக்கும். திடீரென்று அழுத்தம் சரியும்போது விரைந்து ஏறுவதற்கு இந்தப் பழக்கம் உதவாது. அதனால்தான் போர் விமானிகளுக்கு ஓட்டம் அளவாகவும், எடைப் பயிற்சி அதிகமாகவும் இருக்கட்டும் என்று விமானப்படை மருத்துவர்கள் அறிவுறுத்துவதுண்டு. தொடை, பிட்டம், வயிறு ஆகிய இடங்களின் தசை வலுவானால், இறுக்கிப் பிடிக்கும் ஆற்றல் நீண்ட நேரம் நீடிக்கும். தாங்கும் உச்ச அளவு பெரிதாகக் கூடிவிடாது; களைப்படையும் நேரம் தள்ளிப்போகும்.

உயரமும் ஒரு காரணம்தான். குட்டையானவர்களுக்கு இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையிலான தூரம் குறைவு என்பதால் சிறு ஆதாயம் உண்டு. இதில் கடைசி இடம் ஒட்டகச்சிவிங்கிக்கு என்று நினைத்தால், அது தன் இரத்த அழுத்தத்தை நம்மைப் போல் இரு மடங்காக வைத்துக்கொண்டும், கால்களில் தடித்த இறுக்கமான தோலைப் போர்த்திக்கொண்டும் தப்பித்துவிடுகிறது. பிறவியிலேயே ஜி சூட் அணிந்த விலங்கு அது.

16 அக்டோபர் 2024

ஜி சூட் பற்றிக் கேட்டவர்களுக்காக. இதுதான் என் களம் என்பதால் கொஞ்சம் நீளும்.

பார்ப்பதற்குக் கால்சட்டையின் மேல் அணியும் இன்னொரு கால்சட்டை. முழங்காலிலும் தொடையிடுக்கிலும் திறந்திருக்கும். உள்ளே ஐந்து காற்றுப் பைகள்: வயிற்றில் ஒன்று, தொடைகளில் இரண்டு, கெண்டைக்கால்களில் இரண்டு. இடுப்பின் இடப்பக்கம் தொங்கும் குழாயை விமானத்தில் உள்ள வால்வோடு இணைப்பார்கள். அந்த வால்வின் உள்ளே நுட்பமான மின்னணுக் கருவி இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் கையாண்டவற்றில் இருந்தது ஒரு சுருள்வில்லும் அதன் மேல் ஓர் எடையும் மட்டுமே. விமானம் வளையும்போது விமானியின் உடல் கனப்பது போலவே அந்த எடையும் கனக்கும். கனத்தால் கீழே அமுங்கி வழியைத் திறக்கும். எஞ்சினிலிருந்து வரும் காற்று பைகளை நிரப்பும். 2 ஜி அளவில் தொடங்கி, ஒவ்வொரு ஜி-க்கும் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை பவுண்டு என்ற கணக்கில் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். வால்வின் தலையில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. புறப்படுவதற்கு முன் விமானி அதை அழுத்திப் பார்த்து, வயிற்றில் பை உப்புகிறதா என்று உறுதி செய்துகொள்வார்.

பைகள் இரத்தத்தைக் கீழிருந்து பிதுக்கி மேலே அனுப்புவதாகப் பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. கால்களிலும் வயிற்றிலும் இரத்தம் போய்த் தேங்காமல் தடுப்பது முதல் வேலை. கீழ்ப்பகுதிக் குழாய்களை நெருக்கி மொத்த அழுத்தத்தை உயர்த்துவது இரண்டாவது. வயிற்றுப் பை உதரவிதானத்தைக் கீழிருந்து தாங்குவதால், இதயம் கீழே சரிந்து அந்த ஓரடி ஒன்றேகாலடி ஆகாமல் காப்பது மூன்றாவது. இவ்வளவும் சேர்ந்து தருவது ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை ஜி மட்டுமே. தளர்வான உடலுக்கு நாலரை, சூட்டுக்கு ஒன்றரை; ஆறுதான் வருகிறது. 9-க்குத் தேவையான மிச்ச மூன்றும் விமானியின் தசையிலிருந்தும் மூச்சிலிருந்தும் வர வேண்டும்.

சூட் தொளதொளவென்று இருந்தால் அந்த ஒன்றரையும் கிடைக்காது. பை உப்பி முடிப்பதற்குள் ஜி ஏறிவிடும். பக்கங்களில் உள்ள கயிற்றுப் பின்னலை ஒவ்வொருவருக்கும் தனியாக இறுக்கி அளவு செய்வோம். நீண்ட விடுப்பில் ஊருக்குப் போய்க் கல்யாணச் சாப்பாட்டோடு திரும்பியவர்கள் பின்னலைத் தளர்த்தச் சொல்லி வருவார்கள். நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம், முடிச்சைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். விடுப்பால் கெடுவது இடுப்பளவு மட்டுமன்று. சில வாரங்கள் பறக்காமல் இருந்தாலே தாங்கும் திறன் இறங்கிவிடும் என்பதால், திரும்பி வந்தவர்களை முதல் நாளே கடுமையான பயிற்சிக்கு அனுப்பமாட்டார்கள். தண்ணீர் போதுமான அளவு குடிக்காதது, காலை உணவைத் தவிர்த்தது, தூக்கமின்மை, முந்தைய இரவின் மது, வெயில் ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிறிது குறைக்கும். ஏப்ரல், மே மாத வெயிலில் மூடிய விமானி அறைக்குள் ஓடுதளத்தில் காத்திருந்தாலே உடலிலிருந்து எவ்வளவு நீர் போகும் என்பதைத் திரும்பி வரும் சூட்டைத் தொட்டுப் பார்த்தவன் நான்.

17 அக்டோபர் 2024

நேற்றைய கணக்கில் "மிச்ச மூன்று" என்றதை விளக்கச் சொல்கிறார்கள். கெண்டைக்கால், தொடை, பிட்டம், வயிறு ஆகிய தசைகளை ஜி ஏறுவதற்கு முன்பே முழுப் பலத்தோடு இறுக்க வேண்டும். மூச்சை நன்றாக இழுத்து, தொண்டையை அடைத்து, வெளியேவிட முயல்வது போல நெஞ்சை அழுத்த வேண்டும். நெஞ்சுக்குள் கூடும் அழுத்தம் அப்படியே இரத்த அழுத்தத்தில் சேரும். "அக்கா" என்று சொல்லத் தொடங்கி "அக்" என்ற இடத்திலேயே நின்றுவிடுங்கள்; தொண்டை அடைபடுவது புரியும். ஆனால் அப்படியே நின்றால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைபடும். அதனால் மூன்று வினாடிக்கு ஒருமுறை, ஒரு வினாடிக்குள் சிறிது காற்றை விட்டு, மீண்டும் இழுத்து, மீண்டும் அடைக்க வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் அழுத்தம் சட்டென்று இறங்கும். பலருக்கு மயக்கம் வருவதும் மூச்சை நீளமாக விட்டுவிட்ட அந்த இடைவெளியில்தான்.

இதைச் செய்துகொண்டே எதிரி விமானத்தைத் தேட வேண்டும், வானொலியில் பேச வேண்டும்.

20 அக்டோபர் 2024

"நீங்கள் உணர்ந்ததுண்டா?" என்ற கேள்விக்கு: பணியில் இருந்தவரை இல்லை. எத்தனையோ பேருக்கு சூட் மாட்டிவிட்டுத் தரையில் நின்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போயிருந்தபோது, கட்டணம் வாங்கிக்கொண்டு சாகசப் பறப்புக்கு அழைத்துப் போகும் சிறு இரட்டை இருக்கை விமானத்தில் ஏறினேன். மகளுக்கு விருப்பமில்லை, மருமகன் மட்டும் உற்சாகப்படுத்தினார்.

செங்குத்து வளையம் போடுவதற்காக மூக்கைத் தூக்கியபோது, பலகையில் இருந்த ஜி அளவியின் முள் 4-ஐத் தொட்டது. அதில் இன்னும் இரண்டு முட்கள் உண்டு. பறப்பின்போது எட்டிய உச்சத்திலும் தாழ்விலும் அவை நின்றுவிடும், பிறகு மறுக்க முடியாது. கன்னச் சதை தாடைக்குக் கீழே இறங்கியது. மடியில் இருந்த கையை உயர்த்தி மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட நினைத்தேன். கை பாதி வழியில் நின்றுவிட்டது. புல்வெளியின் பச்சை சாம்பலாகத் தொடங்கியதும் தொடையையும் வயிற்றையும் இறுக்கினேன். பச்சை திரும்பி வந்தது. மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக இருந்த ஒன்று என் கண்ணிலேயே நடந்தபோது, பயத்தைவிட வியப்புதான் அதிகம்.

அது 4 ஜி, சில வினாடிகள். வான்சண்டைப் பயிற்சியில் இதையும் இதைவிட மிக அதிகமானதையும் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். நான் தரையில் இறங்கி அரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

23 அக்டோபர் 2024

"அமெரிக்கக் கடற்படையின் ப்ளூ ஏஞ்சல்ஸ் சாகச அணி ஜி சூட் அணிவதே இல்லையே, அப்படியானால் சூட் தேவையில்லைதானே" என்ற வாதம் வந்திருக்கிறது. அணிவதில்லை என்பது உண்மை. காரணம் வேறு. இறக்கையோடு இறக்கை ஒட்டிப் பறப்பதற்காக அவர்கள் விசைத்தண்டைச் சுருள்வில் கொண்டு முன்பக்கமாக இழுத்து வைத்திருப்பார்கள். வலது முன்கையைத் தொடையில் ஊன்றியே அதைக் கட்டுப்படுத்துகிறார்கள். தொடையில் பை உப்பினால் கை தூக்கிவிடும், விமானம் பக்கத்து விமானத்தின் மீது போகும். ஆகவே சூட்டின் பங்கையும் தசையாலேயே ஈடுகட்டுகிறார்கள். அதற்கு விலையும் உண்டு. 2007 ஏப்ரல் 21 அன்று தென் கரோலினாவின் பியூஃபோர்ட்டில் நிகழ்ச்சியின்போது அந்த அணியின் விமானம் ஒன்று விழுந்து விமானி இறந்தார். கடுமையான திருப்பத்தில் ஜி-யின் விளைவால் அவர் நிலைதடுமாறியதே காரணம் என்று கடற்படையின் விசாரணை முடிவு செய்தது.

24 அக்டோபர் 2024

நேற்றையதைத் தொடர்ந்து: சூட் அணிந்த அணிக்கும் நேர்ந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எதிர்மறை ஜி-யைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விமானத்தைத் தலைகீழாக வைத்துப் பறந்தாலோ, மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினாலோ, இரத்தம் தலையை நோக்கிப் போகும். முகம் வீங்கும், கண்ணின் வெண்பகுதியில் இரத்தம் கசியலாம், பார்வை சிவப்பாகத் தெரிந்ததாகச் சிலர் சொல்வார்கள். இதில் உடலின் பொறுமை மிகக் குறைவு. எதிர்மறை 2 அல்லது 3 ஜி-யே பெரும்பாலோருக்கு எல்லை. எந்த சூட்டும் இதற்கு உதவாது. கழுத்து உணர்விகள் "அழுத்தம் அளவு மீறிவிட்டது" என்று எண்ணி இதயத்துடிப்பைக் குறைத்து, குழாய்களைத் தளர்த்திவிடும். அந்தத் தளர்ந்த நிலையிலிருந்து அடுத்த கணமே கடுமையான நேர் ஜி-க்குப் போனால், உடல் தன் ஆயுதங்களையெல்லாம் கீழே வைத்துவிட்ட நேரத்தில் அடி விழும். வழக்கமாக 8 ஜி-யைத் தாங்குபவரும் அப்போது தாங்கமாட்டார்.

2018 ஏப்ரல் 4 அன்று நெவாடாவின் நெல்லிஸ் தளத்தருகே, அமெரிக்க விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் அணியைச் சேர்ந்த எஃப்-16 ஒன்று பயிற்சியில் விழுந்தது. விமானி சில வினாடிகள் தலைகீழாக எதிர்மறை ஜி-யில் பறந்துவிட்டு, அங்கிருந்தே கீழ்நோக்கி வளைத்து 8 ஜி-க்கு மேல் இழுத்தார், நினைவிழந்தார். விசாரணை இதையே காரணமாகச் சொன்னது. அனுபவமிக்க விமானி, சூட் அணிந்தவர், பயிற்சி பெற்றவர். மைத்துனரின் "பயந்தவர், பயிற்சி இல்லாதவர்" என்ற வாதத்தை நான் கடுமையாக மறுத்ததற்கு இந்த மாதிரி நிகழ்வுகள்தான் காரணம்.

2 நவம்பர் 2024

தீபாவளிப் பட்டாசுச் சத்தத்தில் இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். யாரோ டக்ளஸ் பேடரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். 1931-ல் விபத்தில் இரு கால்களையும் இழந்து, பிறகு செயற்கைக் கால்களோடு இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் விமானி. கால்கள் இல்லாததால் இரத்தம் போய்த் தேங்க இடமில்லை, அதனால் மற்றவர்களைவிட அதிக ஜி-யைத் தாங்கினார் என்பது பலரும் சொல்லும் கதை.

நான் இதை முழுவதுமாக ஏற்பதில்லை. முதல் சில வினாடிகளில் அழுத்தம் சரிவது இதயத்துக்கு மேலே உள்ள ஓரடியால். அதற்கும் காலுக்கும் தொடர்பில்லை. வளைவு நீண்டு, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையத் தொடங்கும்போதுதான் கால்களின் பங்கு வருகிறது. ஆகவே நீண்ட திருப்பங்களில் அவருக்குச் சிறிது ஆதாயம் இருந்திருக்கலாம். திடீர் இழுப்பில் இருந்திருக்காது. ஸ்பிட்ஃபயர் விமானத்தில் எல்லோருக்குமே இதே எண்ணத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது: சுக்கான் மிதி இரண்டு அடுக்காக இருக்கும், சண்டையின்போது விமானி கால்களை மேல் அடுக்குக்கு மாற்றிக்கொள்வார்.

அதே காலத்தில் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் ஆய்வாளராக இருந்த வில்பர் ஃபிராங்க்ஸ், சுழற்சிக் கருவியில் உடைந்துபோகும் சோதனைக் குழாய்களை நீரால் சூழ்ந்து காப்பாற்றலாம் என்று கண்டவர், அதையே மனிதனுக்கும் பொருத்தி நீர் நிரம்பிய உடையைச் செய்தார். 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் கடற்படை விமானிகள் அதைப் போரில் பயன்படுத்தினார்கள். நன்றாக வேலை செய்தது. ஆனால் நீரைச் சுமந்துகொண்டு நாள் முழுவதும் காத்திருக்க யாருக்கும் பிடிக்கவில்லை. சிட்னியில் ஃபிராங்க் காட்டன் செய்தது காற்று நிரப்பும் உடை; நான் பின்னல் கட்டியதெல்லாம் அந்தக் காற்று வழியில் வந்தவையே.

9 நவம்பர் 2024

"ஜான் ஸ்டாப் 46 ஜி தாங்கினாரே, 9-க்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" திசையையும் நேரத்தையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் இந்தக் கேள்வி வரும். அமெரிக்க விமானப்படை மருத்துவரான ஸ்டாப் 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோவின் ஹாலோமன் தளத்தில், ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் மணிக்கு 1,000 கி.மீ.-க்கு மேல் போய், ஒன்றரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் நின்றார். விசை நெஞ்சுக்கும் முதுகுக்கும் குறுக்கே விழுந்தது, தலையிலிருந்து காலுக்கு அன்று. மூளையில் சேமித்த ஆக்சிஜன் தீருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்படியும் கண்ணில் இரத்தம் கசிந்து சிறிது நேரம் பார்வை போயிற்று.

விண்வெளி வீரர்களை மல்லாக்கப் படுக்க வைப்பதும் இதற்காகவே. இதயமும் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும்போது அந்த ஓரடித் தொல்லை இல்லை. மூச்சு விடுவதுதான் கடினம். 1975 ஏப்ரலில் ஏவுதல் தோல்வியடைந்த சோயுஸ் கலத்தில் லாசரெவ், மகாரோவ் இருவரும் உச்சத்தில் 21 ஜி-யைச் சந்தித்து உயிரோடு திரும்பினார்கள். ககன்யான் குழுவின் நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். பெங்களூரில் 1957 முதல் இயங்கிவரும் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்தில்தான் இவர்களின் உடற்தகுதி பரிசோதிக்கப்பட்டது; போர் விமானிகளைச் சுழற்சி இயந்திரத்தில் ஏற்றிப் பயிற்சி தருவதும் அங்கேதான்.

இருக்கையைச் சாய்த்தால் போதுமே என்று கேட்பீர்கள். எஃப்-16-ல் 30 பாகை சாய்த்திருக்கிறார்கள். ஆதாயம் சிறியது, பெரிய ஆதாயத்துக்கு 60 பாகைக்கு மேல் சாய வேண்டும், அப்போது விமானி பின்னால் திரும்பிப் பார்ப்பது நடக்காது.

15 நவம்பர் 2024

மயக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அன்றாடம் நான் பார்த்தது கழுத்துவலி. தலை 5 கிலோ, கவசமும் முகமூடியும் 2 கிலோ என்றால், 9 ஜி-யில் கழுத்தின் மேல் 63 கிலோ; அதோடு தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும். அடுத்தது தோலில், முக்கியமாக முன்கையிலும் பிட்டத்திலும், நுண்குழாய்கள் வெடித்து உண்டாகும் சிவப்புப் புள்ளிகள். சில நாட்களில் தானாக மறையும். முகமூடியைக் கழற்றியதும் வறட்டு இருமலோடு வருபவர்களும் உண்டு. தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டே ஜி எடுத்தால், நுரையீரலின் அடிப்பகுதியில் அமுங்கி மூடிய சிற்றறைகளில் சிக்கிய ஆக்சிஜனை இரத்தம் முழுவதும் உறிஞ்சிவிடும், சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளும். இருமி, ஆழ மூச்சிழுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

பெண் விமானிகள் பற்றிக் கேட்ட தங்கைக்கு: 2016 ஜூனில் இந்திய விமானப்படையில் முதல் மூன்று பெண் போர் விமானிகள் சேர்ந்தார்கள். தளர்ந்த நிலையில் ஜி தாங்கும் அளவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆண்களின் அளவுக்கே தைத்த சூட்டை மாட்டிவிட்டால் இடுப்பில் சரியாகப் பொருந்தாது. அது சூட்டின் குறை.

30 நவம்பர் 2024

இவ்வளவும் செய்தும் மயங்கினால்? விமானமே காப்பாற்றும் ஏற்பாடு வந்துவிட்டது. தரையில் மோதப்போவதைக் கணித்து, விமானி ஒன்றும் செய்யவில்லை என்றால் தானாகவே நிமிர்த்தி மேலே இழுக்கும் அமைப்பு 2014 முதல் அமெரிக்க எஃப்-16 விமானங்களில் இருக்கிறது. 2016-ல் அரிசோனாவில் பயிற்சி விமானி ஒருவர் 8 ஜி-க்கு மேல் எடுத்து மயங்கியபோது, மூக்கு கீழே சாய்ந்து பாய்ந்த விமானத்தை அது மீட்டது. பக்கத்து விமானத்திலிருந்து பயிற்றுநர் "மீட்டெடு, மீட்டெடு" என்று கத்துவதும் காணொளியில் கேட்கும். தசைப் பயிற்சியின் இடத்தை இது பிடிக்காது. நான் அக்டோபர் 10-ஆம் தேதி சொன்ன அந்த 12 வினாடி மயக்கமும் 12 வினாடிக் குழப்பமும் கடக்கும்வரை விமானத்தைப் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே.

4 டிசம்பர் 2024

முதல் நாள் கணக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு இரத்த அழுத்தம் 140. அப்படியானால் நான் 120 உள்ளவரைவிட அதிக ஜி தாங்குவேனா?" கணக்குப்படி ஆம், 20-ஐ 22-ஆல் வகுத்தால் ஒரு ஜி-க்கும் சற்றுக் குறைவான ஆதாயம் வருகிறது. இறுக்கிப் பிடிக்கும் முறையே தற்காலிகமாக அழுத்தத்தை ஏற்றுவதுதானே. ஆனால் விமானப்படையின் மருத்துவ வாரியம் இந்தக் கணக்கைப் பார்த்து உங்களை எடுத்துக்கொள்ளாது. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.